எட்டாம் வகுப்பில் எட்டாத தமிழ்: தனிநாயகம் அடிகளார்

கோலா தெர்லாவில் இருந்தோ புளூவேலித் தோட்டத்தில் இருந்தோ விடியற்காலைப் பள்ளிப் பேருந்தில் ஏறும் படிவம் 2 மாணவருக்கு அது பள்ளி வாழ்க்கையின் எட்டாம் ஆண்டு. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களைத் தமிழில் படித்தவர், இப்போது தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் காண்கிறார். அந்த ஒரு பாடமும் தானாக வந்துவிடுவதில்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. மாணவர் குறைவாக உள்ள மலைப்பகுதிப் பள்ளியில் 15 என்பது சிறிய எண் அல்ல.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் இதே வயதில் ஒரு சிறுவன் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தமிழ் ஓரத்துப் பாடம்தான். பின்னாளில் அவனே நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்று, உலகத் தமிழறிஞர்களை 1966-இல் கோலாலம்பூருக்கு அழைத்து வந்தான். சேவியர் தனிநாயகம் அடிகளார் என்ற அந்தப் பெயரை மாநாட்டோடு மட்டும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். மாணவர்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது, அவர் எதை எந்த வயதில் படித்தார் என்ற கதை.

யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டிய தீவுகளில் ஒன்றில், ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பனில், 1913 ஆகஸ்ட் 2-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையின் ஊர் நெடுந்தீவு. கத்தோலிக்கக் குடும்பம் ஆதலால் சேவியர் என்று பெயர் வைத்தார்கள். சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி, 1923-இல் யாழ்ப்பாண நகரத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் கல்லூரி என்று பெயர் பெற்றிருந்தாலும் அவை பள்ளிகளே. இந்தப் பெயர் வழக்கம் இலங்கையில் இன்றும் உண்டு.

பத்திரிசியார் கல்லூரியை அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையினர் நடத்தினார்கள். பயிற்றுமொழி ஆங்கிலம். அக்காலத்து யாழ்ப்பாண ஆங்கிலப் பள்ளிகள் எல்லாவற்றையும் போல அதன் கண்ணும் இங்கிலாந்துத் தேர்வுகள் மீதே இருந்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஆங்கிலச் செய்யுளை மனப்பாடம் செய்வான். இங்கிலாந்து மன்னர்களின் வரிசையை ஒப்பிப்பான். கணக்கும் புவியியலும் ஆங்கிலத்தில்தான். காலையில் ஞானோபதேசம், அதாவது மறைக்கல்வி. ஒழுக்கமும் நேரம் தவறாமையும் தனிப் பாடங்களாக இல்லாவிட்டாலும் எல்லாப் பாடங்களுக்கும் மேலே இருந்தன. தமிழ் இருந்தது, ஆனால் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலமே போதும் என்றிருந்த ஊரில் அதை யார் விரும்பிப் படிப்பார்கள்? வீட்டில் பேசுவதும் கோவிலில் செபிப்பதும் தமிழ். சங்க நூல்கள், காப்பியங்கள், இலக்கணம் ஆகியவை அந்த வகுப்பறைக்கு வெளியே நின்றன.

இதைச் சொல்லும்போது அந்தப் பள்ளியின் மேல் குற்றம் சாட்டிவிட்டுப் போய்விட முடியாது. அங்கே கிடைத்த ஆங்கிலமும், ஒரு மொழியை முறையாகக் கற்கும் பழக்கமும் இல்லாமல் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. பள்ளி கொடுத்தது பெரிது. கொடுக்காமல் விட்டதும் பெரிது.

பள்ளி முடித்ததும் குருவாக வேண்டும் என்று தீர்மானித்துக் கொழும்பு புனித பெர்னார்டு குருமடத்தில் 1931-இல் சேர்ந்தார். மெய்யியல் படித்தார். 1934-இல் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஊர்பன் பல்கலைக்கழகத்தில் உலகின் பல திசைகளிலிருந்து வந்த குருமாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். பாடங்கள் இலத்தீன் மொழியில் நடந்தன. தெருவில் இத்தாலியம். உடன் படிப்பவர்களோடு பேசிப் பேசி வேறு ஐரோப்பிய மொழிகளும் வசமாயின. 1938 மார்ச் 19-இல் குருப்பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பழைய திருச்சபைக் குருக்களைப் பற்றி ஆய்வு செய்து இறையியலில் முனைவர் ஆனார்.

ரோமில் இருந்த நாள்களில் அவரும் சில தமிழ் மாணவர்களும் சேர்ந்து வீரமாமுனிவர் கழகம் என்ற பெயரில் கூடித் தமிழ் படித்தார்கள். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி பாடியவர் வீரமாமுனிவர். அந்த இத்தாலியரின் நாட்டில் அமர்ந்து, அவர் பெயரால், யாழ்ப்பாணத்து இளைஞர் தமிழைத் தேடத் தொடங்கியிருக்கிறார். ஆசை அப்போதே இருந்தது. புலமை வருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

இலங்கைக்குத் திரும்பி யாழ்ப்பாண மறைமாவட்டத்திலேயே பணியாற்றும் வாய்ப்பு அமையவில்லை. கடலின் மறுகரையில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் ஆயர் ரோச் ஆண்டகை அவரை ஏற்றுக்கொண்டார். 1940-இல் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் என்ற சிற்றூரில், புனித தெரசாள் உயர்நிலைப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக அமர்த்தப்பட்டார். வீரமாமுனிவர் ஒரு காலத்தில் பணியாற்றிய ஊர் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரோமாபுரி முனைவர், ஆறேழு மொழி அறிந்தவர், வயது 27. ஆனால் அவர் முன்னால் மூன்றாம் பாரத்தில் அமர்ந்திருந்த நாட்டுப்புறத்துப் பையன், அதாவது நம் கணக்கில் எட்டாம் வகுப்பு மாணவன், தமிழ்ப் பாடத்தில் படித்த செய்யுள் அவருக்குப் புதிது. அங்கே பேசிய தமிழுக்கும் அவருடைய தமிழுக்கும் இடைவெளி இருந்தது. பிரசங்கம் செய்யவே தம் தமிழ் போதாது என்று அவர் உணர்ந்தார்.

இப்படி ஒரு நிலை வந்தால் பலர் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பேசிச் சமாளிப்பார்கள். பட்டங்களைச் சொல்லி மறைப்பார்கள். அடிகளார் அதே ஊரில் இருந்த பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். பகலில் பள்ளியை நடத்தியவர், மற்ற நேரத்தில் இலக்கணத்தையும் சங்க இலக்கியத்தையும் அடியிலிருந்து படித்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். கத்தோலிக்கக் குருவுக்கு ஒரு பிராமணப் பண்டிதர் ஆசான். 1940-களின் வடக்கன்குளத்தில் அது சாதாரணக் காட்சியாக இருந்திருக்காது.

அந்தப் படிப்பு அவரை விடவில்லை. 1945-இல் சிதம்பரம் அருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலைக்குச் சேர்ந்தார். தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு வகுப்பில் அமர்ந்தார். அதன்பின் ஆய்வுப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை. இக்காலத்தில்தான் தம் குலத்து முன்னோர் பெயரான தனிநாயகம் என்பதைச் சூடிக்கொண்டார்.

அந்த ஆய்வு ஏன் புதிதாக இருந்தது? ஐந்திணைகளை அறிந்த பண்டிதர்கள் அன்று பலர் இருந்தார்கள். குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடற்கரை, பாலை வறண்ட வெளி என்று நீங்களும் படித்திருப்பீர்கள். ஆனால் கிரேக்கக் கவிஞர் தியோக்கிரிட்டசும் இலத்தீன் கவிஞர் வெர்ஜிலும் மலையையும் மேய்ச்சல் நிலத்தையும் எப்படிப் பாடினார்கள் என்று அறிந்து, அதோடு சங்கப் பாடலை அருகருகே வைத்துப் பார்க்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. சங்கப் புலவருக்கு இயற்கை வெறும் அழகுக் காட்சி அல்ல. நிலமும் பொழுதும் மனிதரின் உணர்வோடு பிணைந்தவை, மலை என்றால் அங்கே தலைவன் தலைவியின் சந்திப்பும் இருக்கும் என்பதை அவர் ஒப்பிட்டுக் காட்டினார். இங்கே குருமடத்து இலத்தீன் உதவிக்கு வந்தது. வடக்கன்குளத்துத் தமிழ் அதோடு சேர்ந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நூல் இல்லை.

கேமரன் மலையில் வளரும் மாணவருக்கு இதில் ஒரு தனிச் சலுகை உண்டு. குறிஞ்சித் திணையைப் படமில்லாமல் புரிந்துகொள்ளலாம். மாலையில் இறங்கும் மூடுபனி, சரிவில் பயிர், பள்ளத்தில் ஓடும் ஆறு எல்லாம் வாசலிலேயே இருக்கின்றன. தினைப்புனத்தில் கிளி ஓட்டிய பெண் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே கீரையும் தக்காளியும் நிற்கின்றன, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடியில் 1948-இல் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுகளில் ஜப்பான், மலாயா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பயணம் செய்து தமிழ் இலக்கியத்தைப் பற்றி உரையாற்றினார். போன இடங்களில் அவருக்குக் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான். இந்திய இலக்கியம் என்றால் சமஸ்கிருதம் என்று நினைத்திருந்தார்கள். தமிழைப் பற்றி அறிஞர்களுக்கே செய்தி எட்டவில்லை. காரணம் எளிது. தமிழைப் பற்றித் தமிழில் எழுதியதைத் தமிழர்கள் மட்டுமே படித்தார்கள். எனவே 1952-இல் ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழை ஆரம்பித்தார். தமிழ்ப் பண்பாடு என்ற பொருளில் ‘தமிழ் கல்ச்சர்’ என்று அதற்குப் பெயர். உலகப் பல்கலைக்கழக நூலகங்களுக்குள் தமிழாய்வு அந்த இதழின் வழியே நுழைந்தது. பத்திரிசியார் கல்லூரியின் ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு பயன்.

அதே 1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர் ஆனார். ஆசிரியர்களுக்குக் கல்வியைப் பற்றிக் கற்பிக்கும் வேலை. அப்போது அவர் மனத்தில் ஒரு கேள்வி. பிளேட்டோ கல்வியைப் பற்றி என்ன சொன்னார், உரோமர்கள் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்று பயிற்சி ஆசிரியர்கள் படிக்கிறார்கள். பழந்தமிழர் கல்வியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று யார் தொகுத்திருக்கிறார்கள்? லண்டன் பல்கலைக்கழகத்தில் அதையே முனைவர் ஆய்வாக்கினார். பாணரும் புலவரும் ஊர் ஊராகப் போய் மக்களுக்கு அறிவூட்டிய காலத்தையும், பிறப்பில் தாழ்ந்தவனாகக் கருதப்பட்டவன் கற்றால் உயர்ந்தவனும் அவன் வழி நடப்பான் என்ற கருத்தை ஒரு பாண்டிய மன்னனே பாடி வைத்த புறநானூற்றையும், கல்விக்கும் கேள்விக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த திருக்குறளையும் எடுத்து ஆராய்ந்தார். இறையியல் முனைவர் பட்டம் ஏற்கெனவே இருக்கும்போது நாற்பது வயதுக்கு மேல் இன்னொன்று எதற்கு என்று கேட்கத் தோன்றும். தான் படிக்காமல் விட்டதைப் படித்து முடிக்கும் வேகம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பிய நூலகங்களில் அவர் செய்த தேடல்தான் இந்த வாழ்க்கையின் சுவையான பகுதி. தமிழில் முதலில் அச்சான நூல்கள் எவை, அவை எங்கே கிடக்கின்றன என்று அவர் தேடினார். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் 1554-இல் அச்சிடப்பட்ட ஒரு சிறு நூல். ‘கார்த்தில்யா’ என்று பெயர். அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்குத் தொடக்கப் பாடநூல் என்று பொருள். செபங்களும் மறைக்கல்வியும் அதில் உள்ளன. தமிழ்தான், ஆனால் எழுத்து ரோமன் எழுத்து. தமிழ்ச் சொற்களோடு போர்ச்சுகீசியமும் சேர்த்து அச்சிடப்பட்டிருக்கிறது. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு இந்த நூல் சான்று. கத்தோலிக்கப் பிள்ளைகளும் புதிதாக மறை தழுவியவர்களும் படிப்பதற்காக உருவான பாடப் புத்தகம் அது.

அடுத்து, தமிழ் எழுத்திலேயே அச்சான நூல். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக் அடிகளார் என்ற ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம். அதுவும் மறைக்கல்வி நூல்தான். அதன் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இந்த நூல்களைப் பற்றி ஆராய்ந்து எழுதித் தமிழ் உலகுக்கு அறியச் செய்தவர்களில் அடிகளார் முன்வரிசையில் நிற்கிறார். பத்திரிசியார் கல்லூரியில் காலை வேளையில் ஒப்பித்த ஞானோபதேசத்தின் நானூறு ஆண்டுத் தாத்தாவை அவர் இந்த நூல்களில் சந்தித்திருக்கிறார். தமிழைத் தள்ளி வைத்த பள்ளி மரபு ஒன்று. தமிழைக் கற்று, தமிழுக்கு அச்செழுத்து வார்த்த பழைய மிஷனரி மரபு இன்னொன்று. இரண்டும் ஒரே சமயத்தாருடையவை.

இதற்கிடையே இலங்கையில் நிலைமை மாறிவிட்டது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அடிகளார் தமிழரின் மொழியுரிமை பற்றிப் பேசினார், எழுதினார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்கும் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூர் வந்தார்.

அவர் வந்து அமர்ந்த நாற்காலிக்கு ஒரு முன்கதை உண்டு. அந்தத் துறையில் சமஸ்கிருதமா தமிழா என்ற வாதம் 1950-களில் எழுந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழே இடம்பெற வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதிக்குத் தோட்டப் பாட்டாளிகள் முதல் கடைச் சிப்பந்திகள் வரை தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். பால்மரம் வெட்டிய கையும் கொழுந்து கிள்ளிய கையும் கொடுத்த வெள்ளி அது. அந்தக் காசில் தமிழ் நூல்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தன. பள்ளியில் தமிழ் இலக்கியம் கிடைக்காத ஒருவர், பள்ளிக்கே போகாத பலர் சேர்த்த நூல்களுக்குப் பொறுப்பாளராக வந்தார்.

கோலாலம்பூரில் எட்டு ஆண்டுகள் இருந்தார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் 26-ஆவது கீழைத்தேய அறிஞர் மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களைத் தனியே கூட்டினார். 7-ஆம் நாள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, முதல் மாநாட்டை மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடத்திக் காட்டினார். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பெரும் துணையாக நின்றார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடப்பதற்கு முன்னால், தமிழுக்கான முதல் உலக ஆய்வு மாநாடு நம் நாட்டில் நடந்தது என்பதைப் படிவம் 2 மாணவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

மாநாட்டு ஆண்டிலேயே வேறொரு வேலையும் முடிந்தது. அந்தோம் தெ புரோயென்சா என்ற இயேசு சபைக் குரு தொகுத்து, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியை நிழற்படம் எடுத்துவந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே 1966-இல் அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டார். மாநாட்டு மேடைகளை மறந்தவர்கள் உண்டு. அந்த அகராதியை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அடுத்த மாநாடுகள் 1968-இல் சென்னையிலும் 1970-இல் பாரிசிலும் நடந்தன. 1969-இல் அவர் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விடைபெற்றார். நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அவருடைய சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் கூடியது. நிறைவு நிகழ்ச்சி நடந்த 10-ஆம் நாள் இரவு, காவல்துறையினர் கூட்டத்துக்குள் புகுந்த குழப்பத்தில் மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் பறிபோயின. மொழி ஆராய்ச்சிக்குக் கூடிய கூட்டம் அப்படி முடிந்தது. யாழ்ப்பாணம் அதன்பின் பழைய யாழ்ப்பாணமாக இல்லை.

வாழ்க்கை வரலாறுகளில் அவருக்கு எத்தனை மொழி தெரியும் என்று எண்ணிச் சொல்வது வழக்கம். ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்ச்சுகீசியம் என்று பட்டியல் நீளும். எனக்கு அந்த எண்ணிக்கையில் அவ்வளவு ஆர்வமில்லை. இத்தனை மொழிகளுக்குப் பிறகு, ஏறத்தாழ முப்பது வயதில், தாய்மொழியின் இலக்கணத்தை முதல் பாடத்திலிருந்து தொடங்கினார் என்ற வரிசைதான் வியப்பு. அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அவருக்கு ஒரு வடக்கன்குளமும் ஒரு பண்டிதரும் வாய்த்தார்கள். பதின்மூன்று வயதில் தமிழைக் கைவிட்டவர்களில் எத்தனை பேருக்கு முப்பதில் அப்படி ஓர் ஆசான் கிடைப்பார்? எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுப்பதா வேண்டாமா என்ற யோசனை படிவம் 4-இல்தான் வரும் என்று நினைக்கிறோம். கோலா தெர்லா வட்டாரத்துப் பிள்ளைக்கு அந்த முடிவு உண்மையில் படிவம் 1-லும் 2-லும், தமிழ் வகுப்புக்கு அந்த 15 பேர் சேர்ந்தார்களா இல்லையா என்பதிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

கடைசி ஆண்டுகளை அடிகளார் யாழ்ப்பாணத்தில் கழித்தார். உடல்நிலை தளர்ந்திருந்தும் 1980-இல் தந்தை செல்வா நினைவுப் பேருரையைத் தமிழர் பண்பாட்டின் நேற்று, இன்று, நாளை பற்றி ஆற்றினார். அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், 67-ஆம் வயதில் காலமானார். ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நான்கு மாதம் கழித்து, 1981 ஜனவரியில், அவர் இல்லாமல் மதுரையில் கூடியது.